தாளிக்காத இருவது நாள்

ஏனுங்க, அடுப்பே இல்லாம ஒரு பொம்பள ஆறு மாசம் ஆக்கித் திம்பாளா? எங்க ஊட்டுல குடியிருந்த டீச்சரு தின்னா. ஒரே ஒரு கரண்டுக் குக்கரு. சோறாக்கத்தானே அதக் கண்டுபுடிச்சான்? இவ அதுல சோத்தத் தவுத்து மத்த எல்லாத்தையும் ஆக்குவா.

அடுப்பு வெக்கக்கூடாதுன்னு சொன்னது நாந்தான், ஒத்துக்கறேன். எங்க ஊடு மலை மேல, வாசலூர்பட்டிக்கும் மேல இருக்குது. பின்னால ஒத்த ரூமு. அதுக்கு மேல பரண்ல எங்க வருசத்து மொளகு பூராவும் மூட்டை மூட்டையாக் கெடக்கும். அங்க ஒருத்தி கேஸத் தொறந்து வெச்சுட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா எங்க பொழப்பு என்ன ஆவறது? எங்க ஊட்டுக்கே கேஸு வேண்டாம்னுட்டேன். வெறகு அடுப்புதான், எனக்கு அது போதும். அதனால ரூமு கேட்டு வந்தன்னிக்கே சொல்லிப்புட்டேன். "தீ பத்த வெக்கக்கூடாது. சம்மதம்னா இரு, இல்லீன்னா செம்மேட்டுல போயிப் பாத்துக்க." அவ தலைய ஆட்டிட்டுப் போனா. மறுநாளு மலைக்குக் கீழ காளப்பநாயக்கன்பட்டியில ஒரு குக்கர வாங்கி மடியில வெச்சுக்கிட்டு பஸ்ஸுல வந்து எறங்குனா.

பேரு ஜெனிபரு. லால்குடிப் பக்கம், வேதக்காரப் புள்ள. வயசு இருவத்தாறு. கவருமெண்டு பள்ளிக்கூடத்துல மூணாங் கிளாஸ் டீச்சரு. என்னைய "ஆன்ட்டி"ன்னு கூப்புடுவா. ஆன்ட்டியாமா ஆன்ட்டி! எனக்குக் கண்ணாயின்னு நல்ல பேரு ஒண்ணு வெச்சிருக்குதுல்ல? அக்கான்னு சொல்லு, அம்மான்னு சொல்லு. கேட்டாத்தானே. சரின்னு நானும் அவள "டீச்சரு"ன்னே கூப்புட்டேன். எங்க பக்கம் பஸ்ஸுக்கு நிக்கற தெரியாத ஆளக்கூட கண்ணும்போம், சாமிம்போம். அவள மட்டும் சொல்லல. எனக்கும் வீம்பு உண்டுல்ல?

வெடியால உப்புமா, மத்தியானத்துக்குப் பருப்பும் கீரையும், பொழுதோட குச்சிக்கெழங்கு அவிச்சது, எல்லாம் அந்தக் குக்கருலதான். டம்ளருல மாவ ஊத்தி உள்ள நிக்க வெச்சு இட்டிலி அவிப்பா. அது இட்டிலி மாதிரியா இருக்கும்? அச்சு வெல்லமாட்டம் நெட்டையா இருக்கும். கிறிஸ்துமசுக்கு எங்க மலைவாழப்பழத்தப் பெசஞ்சு போட்டுக் கேக்கு செஞ்சா. சுச்ச அமுக்கி வெப்பா, சித்த நேரத்துல அது 'டக்'குனு மேல வந்துரும். ஆறுன பொறவு மறுபடி அமுக்குவா. இப்படி மூணு தடவ. ஒரு வட்டல்ல வெச்சுக் கொண்டாந்து குடுத்தா. "கரண்டுல வெந்ததெல்லாம் ஒடம்புக்கு ஆவாது"ன்னு சொல்லிக்கிட்டே நான் ரெண்டு துண்டு தின்னுட்டேன். எங்க ஊட்டுக்காரரு சின்னுசாமி ஒரு நாளைக்கு நாலு வார்த்த பேசுனா ஜாஸ்தி. அவரே வாயத் தொறந்து, "இன்னும் இருக்குதா?"ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! இருவத்தெட்டு வருசமா நான் ஆக்கிப் போடறேன், ஒரு நாளாச்சும் இன்னும் இருக்குதான்னு கேட்டிருப்பாரா?

ஆனா ஒண்ணுங்க. அந்தக் குக்கரால தாளிக்க முடியாது. எண்ணெ காஞ்சு கடுகு வெடிக்கறதுக்குள்ள அதுக்குச் சூடு ஏறி சுச்சு மேல வந்துரும். அதனால அவ கொழம்பு எல்லாமே மூளியாத்தான் இருக்கும். தாளிக்காதது ஒரு கொழம்பா? நான் கடுகும் வரமொளகாயும் தாளிச்சன்னா அடுத்த காட்டுல வேல செய்யறவன் தும்முவான். எனக்கு அதுல ஒரு பெருமை. "என்ன டீச்சரு, இன்னிக்கும் ஆஸ்பத்திரிக் கொழம்பா?"ன்னு வேலி ஓரமா நின்னு கேப்பேன். அவ சிரிச்சுக்குவா. மனசுல வெச்சிருந்திருக்கறான்னு பொறவுதான் தெரிஞ்சுது.

பிப்ரவரி மாசம் ரெண்டாந்தேதி. நான் மொளகு காயப் போட்டுக்கிட்டு இருக்கறேன், உள்ள டமார்னு ஒரு சத்தம். ஊட்டுல கரண்டு போயிருச்சு. ரூமுலேர்ந்து பொகை. ஓடிப் போயிப் பாத்தா, டீச்சரு கருவாட்டுக் கொழம்பு தாளிக்கறா! சுச்சு மேல வரக்கூடாதுன்னு ஒரு கரண்டிய முட்டுக் குடுத்து வெச்சிருக்கறா. எண்ணெ பொகஞ்சு, பீஸு வெடிச்சு, பொகை நேரா மேல பரணுக்குப் போகுது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மூட்டைய எல்லாம் எறக்கிப் பாத்தோம், ஒண்ணும் ஆவல. பீஸ மாத்துனதும் குக்கரும் ஓடுச்சு. ஆனா என் வாய் நிக்கல. "உனக்கு ரூமு குடுத்த என் புத்தியச் செருப்பால அடிக்கணும். இந்த மாசத்தோட காலி பண்ணு"ன்னு கத்திப்புட்டேன். அவ ஒரு வார்த்த திருப்பிப் பேசல. "சரி ஆன்ட்டி"ன்னா. அவ்வளவுதான். பேசியிருந்தா நானும் பேசித் தீத்திருப்பேன்.

அதுக்கப்பறம் நாலு நாளு அவ மூஞ்சிய நான் பாக்கல, என் மூஞ்சிய அவ பாக்கல. அஞ்சாம் நாளு அவ பள்ளிக்கூடம் போவல. கதவு சாத்தியிருந்துச்சு. போனாப் போகுதுன்னு இருந்துட்டேன். பத்து மணிக்கு மேல மனசு கேக்கல, கதவத் தள்ளிப் பாத்தேன். கண்ணெல்லாம் செவந்து, பையில துணிய அடுக்கிக்கிட்டு இருக்கறா. கழுத்துல, நெத்தியில, கையில முத்து முத்தா நீர் கோத்திருக்குது. அவ கிளாஸ்ல நாலு புள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்துச்சு, அது இவளுக்கும் வந்துருச்சு.

"எங்க கெளம்பிட்டே?"ன்னேன்.

"கீழ எதாவது லாட்ஜுல போயி இருந்துக்கறேன் ஆன்ட்டி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"உங்க ஊட்டுக்குப் போறதுதானே?"

"எங்க அக்கா நெறமாசமா இருக்கா. நான் போகக்கூடாது. அம்மா அவளப் பாத்துக்கணும், அவங்களும் இங்க வந்துட்டுத் திரும்பிப் போக முடியாது." சொல்லிட்டு பைக்கு ஜிப்பு போடப் பாக்கறா. நாலு தடவ இழுக்கறா, ஜிப்பு நவுர மாட்டேங்குது.

லாட்ஜுல எவன் இவளுக்குத் தண்ணி மோந்து குடுப்பான்? ஆனா அதச் சொன்னனா? என் வாய்க்கு அதெல்லாம் வராதே. "ஆத்தா வந்த ஆள ஊட்ட உட்டுத் தாட்டற வழக்கம் எங்க மலையில இல்ல. தலைக்கு மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் இந்த ரூமு உன்து. அதுக்கப்பறம் எங்கயோ போ"ன்னு பையப் புடுங்கி மூலையில போட்டேன்.

எனக்கு ஏழு வயசுலயே அம்மை வந்து போயிருச்சு, அவருக்கும் அப்படித்தான், அதனால எங்களுக்குப் பயமில்ல. எங்க மலை மேல வேப்பமரம் அங்கொண்ணு இங்கொண்ணுதான். அவரு பஸ்ஸுல காரவள்ளி வரைக்கும் எறங்கிப் போயி வேப்பிலை ஒடிச்சுக்கிட்டு வந்தாரு. கதவு நெலவுல சொருகுனோம், அவ படுக்கையில பரப்புனோம். தலகாணிக்கு அடியில அவ ஜெபமாலை வெச்சிருந்தா. அது பாட்டுக்கு அது இருக்கட்டும், இது பாட்டுக்கு இது இருக்கட்டும்னு உட்டுட்டேன். ஆத்தாளுக்கு நம்ம புள்ள, வேதக்காரப் புள்ளன்னு வித்தியாசமா தெரியப்போவுது?

வேப்பிலை சொருகியாச்சுன்னா எங்க ஊட்டுல சில சட்டம் உண்டு. கவுச்சி கூடாது. ஊட்டு ஆளுங்க மலைய உட்டு எறங்கக்கூடாது. முக்கியமா, தாளிக்கக்கூடாது. அந்த நெடி ஆத்தாளுக்கு ஆவாது. ஊரே தும்மற மாதிரி தாளிச்ச கண்ணாயி ஊட்டுலயும் அன்னியிலேர்ந்து ஆஸ்பத்திரிக் கொழம்புதான். அவரு தின்னு பாத்துட்டு என்னையப் பாத்தாரு. "என்ன பாக்கறீங்க? தின்னுங்க"ன்னேன்.

டீச்சருக்குத்தான் ஒண்ணும் எறங்கல. வாய்க்குள்ள, தொண்டையில எல்லாம் கொப்புளம். கஞ்சி காச்சிக் கொண்டு போனா ரெண்டு கரண்டி குடிப்பா, போதும்பா. ஒரு மணி நேரங் கழிச்சுக் குடுக்கலாம்னா ஆறி ஆடை கட்டிப் போயிருக்கும். அதோட பொகை வாசம். வெறகு அடுப்புக் கஞ்சியில பொகை வாசம் இருக்குதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். நமக்குப் பழகிப் போச்சு, அவ அந்த நெலமையில மோந்து பாத்ததுமே கொமட்டறா. மூணாம் நாளு ஆஸ்பத்திரி நர்ஸம்மா வந்தாங்க. மாத்திரை குடுத்தாங்க, நாடி பாத்தாங்க. என்னைய வெளிய கூப்புட்டு, "ஒடம்புல தண்ணியே இல்லீங்க. இன்னும் ரெண்டு நாளைக்கு இப்படியே ஆகாரம் எறங்கலீன்னா கீழ கொண்டுபோயி படுக்க வெச்சுக் குளுக்கோஸுதான் ஏத்தணும்"னாங்க. எறங்கற வழியில எழுவது வளைவு. நல்லா இருக்கறவங்களே அதுல குடலப் புடிச்சுக்கிட்டு எறங்குவாங்க. இவள எப்படிக் கொண்டுபோறது?

"என்னதான் திம்பே, சொல்லு. நான் செஞ்சு தாரேன்"ன்னேன். அவ கண்ணத் தொறக்காம, "என் குக்கருல சாமையும் பாசிப்பருப்பும் போட்டு நெறையத் தண்ணி ஊத்தி வெச்சுருங்க ஆன்ட்டி. அதுல சூடு ஆறாது. நான் கொஞ்சங் கொஞ்சமாக் குடிச்சுக்கறேன்"னா.

எனக்குக் கொஞ்சம் சுருக்குனுதான் இருந்துச்சு. என் அடுப்பு எறங்கல, அந்த டப்பா எறங்குதாக்கும். ஆனா செஞ்சேன். சுச்ச அமுக்குனேன், செவப்பு லைட்டு எரிஞ்சுது, கொதிச்சுது. டக்குனு மேல வந்து மஞ்ச லைட்டுக்கு மாறுச்சு. படுக்கைக்குப் பக்கத்துல வெச்சுட்டு மொளகு பறிக்கப் போயிட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா குக்கருக்குள்ள இருக்கற பாத்திரத்துல அரைப் போசி காலி! நாளு பூராவும் எந்திரிச்சு எந்திரிச்சு ரெண்டு ரெண்டு கரண்டியாக் குடிச்சிருக்கறா. கஞ்சி வெச்சது வெச்ச சூட்டுலயே இருக்குது. அன்னிக்கு நான் அந்தக் குக்கரத் தொட்டுக் கும்புட்டேன், பொய் சொல்லல.

மறுநாளு அந்தக் கூத்து. கஞ்சி பாதி வேவுது, கரண்டு போயிருச்சு. எங்க மலை மேல கரண்டு போனா எப்ப வருமுன்னு ஆண்டவனுக்கே தெரியாது. டீச்சரு பசிக்குதுன்னு சொல்றா. நாலு நாளைக்கு அப்பறம் மொத மொத பசிக்குதுங்கறா! பாதி வெந்த கஞ்சிய வெச்சுக்கிட்டு ஒரு பொம்பள என்ன பண்ணுவா? நான் அந்த உள்போசிய உருவி நேரா வெறகு அடுப்புல வெச்சுட்டேன். போசின்னா அடுப்புல வெக்கறதுதானே! அது காயிதமாட்டம் மெல்லிசு. வெறகத் தள்ளுனேன், அடுப்புக்கல்லு நவுந்துச்சு, போசி சரிஞ்சு கட்டை மேல உக்காந்துருச்சு. எடுத்துப் பாத்தா அடி பூராவும் கரி. கரியக்கூட தேச்சுரலாம். அடி நெளிஞ்சு பள்ளமாப் போச்சு.

அந்தக் கஞ்சியிலயும் பொகை வாசம். ஒரு வாய் வெச்சுட்டு வாந்தி எடுத்தா. பொழுதோட கரண்டு வந்துச்சு. சாம்பலும் புளியும் போட்டுத் தேச்சு, திருட்டுத்தனமா அந்தப் போசிய உள்ள வெச்சு சுச்ச அமுக்குனேன். டக்கு. மேல வந்துருச்சு. மறுபடி அமுக்குனேன். டக்கு. அடி சமமா உக்காரல, அது ஒத்துக்க மாட்டேங்குது. அவரு ஆட்டுக்கல்லு மேல போசியக் கவுத்து, மரச்சுத்தி மாதிரிக் கொட்டாப்புளியால பூப்பூவாத் தட்டிப் பாத்தாரு. கொஞ்சம் நிமிந்துச்சு. அப்பவும் டக்கு.

அந்தப் புள்ளைக்கு இந்த மலையில இருந்ததே அது ஒண்ணுதான். ரூம எடுத்துக்கிட்டேன், இப்ப குக்கரையும் கெடுத்துட்டேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவகிட்டப் போயி சொல்லுவேன்? மினி பஸ்ஸு ஓட்டற செல்வத்துக்கு போன் பண்ணி, கீழேர்ந்து ஒரு போசி வாங்கியாரச் சொன்னேன். அவன் கல்யாண ஊட்டு அளவுல ஒண்ணக் கொண்டாந்தான், குக்கருக்குள்ள எறங்கவே இல்ல. அடுப்புல காச்சி குக்கருல ஊத்தி வெச்சும் ஏமாத்திப் பாத்தேன். மூடியத் தொறந்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

அப்பத்தான் ஒண்ணு பண்ணுனேன். சுச்ச அமுக்கி, கட்டைவெரல எடுக்காம அப்படியே புடிச்சுக்கிட்டேன். செவப்பு லைட்டு எரிஞ்சுது. கொதி வந்துச்சு. கரண்டிய முட்டுக் குடுத்தா கைய எடுத்துட்டுப் போயிரலாந்தான். ஆனா அன்னிக்கு அதுக்குத்தானே அவளக் காலி பண்ணச் சொன்னேன்? அதோட முட்டுக் குடுத்துட்டா அதுக்கு எப்ப நிறுத்தறதுன்னு தெரியாது. பாத்துக்கிட்டே இருந்து, கஞ்சி வெந்ததும் உடணும். வெந்த பொறவு மஞ்ச லைட்டு எப்பவும் போல சூட்ட வெச்சுக்குச்சு. ஆக, அந்த டக்குங்கற வேலைய மட்டும் நான் பாக்கணும்.

ரூமுக்குள்ள உக்காந்து புடிச்சா அவளுக்குத் தெரிஞ்சு போயிரும். அதனால, "கஞ்சி கொதிக்கற ஆவி அம்மை கண்ட ஒடம்புல படக்கூடாது, ஆத்தா கோவிச்சுக்குவா"ன்னு சொல்லி குக்கர வெளி நடைக்குக் கொண்டாந்துட்டேன். அப்படி ஒரு சாங்கியமே கெடையாதுங்க. நானா உட்டது. ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன்.

வெடியால ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, பொழுதோட ஒரு தடவ. ஒவ்வொரு தடவையும் முக்கா மணி நேரம். வலது கட்டைவெரலு சுச்சு மேல, எடது கையால மொளகுக் கொத்து உருவிக்கிட்டு நடையில உக்காந்திருப்பேன். அடிச்சட்டி கொதிக்கற கொதி, வெரலுல அனலடிக்கும். மூணாம் நாளு கொப்புளம் போட்டுச்சு. அஞ்சாம் நாளு வெரலே மரத்துப் போச்சு. அவரு காட்டுலேர்ந்து வந்து பாத்துட்டு, "நான் சித்த புடிக்கட்டா?"ன்னாரு. "நீங்க அடி புடிக்க உட்டுருவீங்க. போங்க"ன்னு தாட்டிட்டேன். மொளகுப் பறிப்பு பூராவும் அந்த மனுசன் ஒத்த ஆளாப் பாத்தாரு.

சும்மா கஞ்சியவே எத்தன நாளைக்குக் குடுப்பே? பரங்கிக்காயக் கொழைய வேக வெச்சேன். குச்சிக்கெழங்க வேக வெச்சு பாலு ஊத்தி மசிச்சேன். தெனையில பொங்கல், ராயியில கூழு. நான் கேலி பண்ணுன டப்பாவுல, சோத்தத் தவுத்து எல்லாத்தையும் நானும் ஆக்குனேன். எதுலயும் தாளிப்பு இல்ல. ருசியா இருந்துச்சான்னு கேக்காதீங்க. அவளுக்கு எறங்குச்சு, எனக்கு அது போதும். ஒரு நாளு ஒரு வட்டலு பொங்கல மிச்சம் வெக்காமத் தின்னுட்டு, "நல்லா இருந்துச்சு ஆன்ட்டி"ன்னா. நான் கொல்லைக்குப் போயி ஒரு மூச்சு அழுதுட்டு வந்தேன்.

மொத தண்ணி ஊத்துனோம், ரெண்டாந் தண்ணி, மூணாந் தண்ணி. ஆத்தா எறங்கிட்டா. வேப்பிலைய எடுத்துத் தண்ணியில உட்டோம். டீச்சரு மொகத்துல அங்கங்க தழும்பு, ஆனா கண்ணு தெளிஞ்சிருச்சு. எங்க சட்டப்படி தலைக்கு ஊத்திச் சில நாளு கழிச்சுத்தான் தாளிக்கலாம். அந்த நாளும் வந்துச்சு, பிப்ரவரி இருவத்தாறு. அன்னிக்கு வெடியால நான் பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கறேன், அவ வந்து நின்னா.

"ஆன்ட்டி, செம்மேட்டுல ஒரு ரூம் பேசியிருக்கேன். நாளை மறுநாள் காலி பண்ணிடறேன். சாவி இன்னிக்கு சாயங்காலம் போன் பண்ணிட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க."

போவாதன்னு சொல்லணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. "ஓகோ, அப்படியா. சரி"ன்னுட்டு வாயக் கொப்புளிச்சேன். நாஞ் சொன்ன தவணைதானே? அவ மேல என்ன தப்பு? அன்னிக்குக் காட்டுல நான் பறிச்ச மொளகவிடக் கீழ கொட்டுனதுதான் ஜாஸ்தி.

நாலு மணிக்கு ஊட்டுக்கு வந்தேன். டீச்சரு ரூமுல குக்கருக்கு முன்னால குந்தியிருக்கறா. பக்கத்துல கழுவி வெச்ச கருவாடு, கரைச்ச புளி, உரிச்ச வெங்காயம். போறதுக்கு முன்னால எங்களுக்கு ஒரு வேளை ஆக்கிப் போடணும்னு நெனச்சிருக்கறா. சுச்ச அமுக்கறா. டக்கு. மறுபடி அமுக்கறா. டக்கு. உள்போசிய வெளிய எடுத்துத் திருப்பிப் பாத்தா. அடியில கொட்டாப்புளி பட்ட தடம் எல்லாம் வட்ட வட்டமா இருக்குது. நான் வாசப்படியில மாட்டிக்கிட்டேன்.

"ஆன்ட்டி, இது எப்படி ஆச்சு?"

பயத்துல எனக்குக் கோவந்தான் வரும். "நாந்தான் கெடுத்தேன்! கரண்டு போச்சு, அடுப்புல வெச்சேன், நெளிஞ்சு போச்சு. போதுமா? வேற வாங்கித் தாரேன்"னு கத்துனேன்.

"எப்ப?"

"நர்ஸம்மா வந்துட்டுப் போன மறுநாளு."

அவ வெரல மடக்கி எண்ணுனா. எண்ணிட்டு என்னையப் பாத்தா. "அப்ப அதுக்கப்பறம் எனக்குக் குடுத்த கஞ்சி, பொங்கல், கெழங்கு எல்லாம் எதுல வெச்சீங்க? பொகை வாசமே இல்லையே?"

வாசல்ல கயிறு திரிச்சுக்கிட்டு இருந்தாரு எங்க ஊட்டுக்காரரு. ஒரு நாளைக்கு நாலு வார்த்த பேசற மனுசன், அன்னிக்குண்டான கோட்டாவ அங்கதான் செலவு பண்ணுனாரு. "அவ கட்டைவெரலப் பாரு, கண்ணு."

கைய முந்தானைக்குள்ள இழுத்துக்கப் பாத்தேன். அவ அதுக்குள்ள எந்திரிச்சு வந்து புடிச்சுட்டா. தோலு உரிஞ்சு, காய்ச்சுப் போயி, நகத்தோரம் கறுத்துக் கெடக்குது. அவ அந்த வெரலையே பாத்துக்கிட்டு நின்னா. அப்பறம் குனிஞ்சு, அவ கட்டைவெரலால அந்த சுச்ச ஒரு தடவ அமுக்கிப் புடிச்சுப் பாத்தா. செவப்பு லைட்டு எரிஞ்சுது. உட்டதும் டக்குனு வந்துச்சு. அவ்வளவுதாங்க, என் தோளுல சாஞ்சு ஓன்னு அழுவ ஆரம்பிச்சுட்டா. அத்தன முத்து போட்டப்பக்கூட அழாத புள்ள.

"அழுவாத கண்ணு"ன்னேன். ஆறு மாசத்துல என் வாயிலேர்ந்து அதான் மொத கண்ணு. "போவாத சாமி. நான் அன்னிக்குக் கோவத்துல சொன்னது. என் வாய் அப்படிப்பட்ட வாய். நீ போயிட்டா இந்த ஊட்டுல நான் யாரோட சண்ட கட்டறது?"

அவ அழுதுக்கிட்டே சிரிச்சா. மூக்கு ஒழுவுது, தொடைக்கல.

"எந்திரி, கருவாட்ட எடுத்துக்க. உள்ள வா"ன்னேன்.

அவ தயங்குனா. அவளுக்குத் தெரியும். எங்க ஊட்டு அடுப்படிக்குள்ள எங்க பங்காளி ஊட்டுப் பொம்பளைங்கதான் வருவாங்க. எங்க பக்கத்து ஊட்டுப் பொன்னாயி, இத்தன வருசப் பழக்கம், அவகூட வாசப்படியோட சரி. நான் அவ கையப் புடிச்சு உள்ள இழுத்தேன். அவரு கயித்தக் கீழ வெச்சுட்டுப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. சொல்லித்தான் பாக்கட்டுமே!

அடுப்பு முன்னால அவள உக்கார வெச்சேன். வெறகு எரிய வெக்கத் தெரியல, ஊதி ஊதிக் கண்ணுல தண்ணி. சட்டி காஞ்சுது. எண்ணெ ஊத்துனா. இருவது நாளா எங்க ஊட்டுல கடுகு வெடிச்ச சத்தம் இல்ல. அவ கையால அள்ளிப் போட்டா. படபடன்னு வெடிச்சுது. வரமொளகாயக் கிள்ளிப் போட்டதும் நெடி ஏறி ரெண்டு பேரும் இருமுனோம், வாசல்ல அவரு தும்முனாரு, வேலிக்கு அந்தப் பக்கம் பொன்னாயி தும்முனா. "ஏ கண்ணாயி, ஆத்தா எறங்கிட்டாளா?"ன்னு பொன்னாயி அங்கிருந்தே சத்தம் போட்டா. "எறங்கிட்டா, எறங்கிட்டா"ன்னேன். டீச்சரு போனு ரூமுல அடிச்சுது. செம்மேட்டு ரூமுக்காரனாத்தான் இருக்கும். அவ எந்திரிக்கல, கையில கரண்டி இருந்துச்சு. ரெண்டு தடவ அடிச்சுட்டு நின்னு போச்சு.

மூணு பேரும் உக்காந்து தின்னோம். அழுத அழுவையில ரெண்டு தடவ உப்புப் போட்டுட்டா போலிருக்குது, அதோட கருவாட்டு உப்பு வேற. வாயில வெக்க முடியல. அவரு மொத வாய் தின்னுட்டு மெதுவா என்னையப் பாத்தாரு, நான் என்ன சொல்லப் போறனோன்னு. டீச்சரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. நான் இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துன்னு வட்டல நீட்டுனேன்.